வால் துடுப்பு வைத்த பென்ஸுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

விற்பனைப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. முன்பக்கம் விறைப்பாக நிமிர்ந்த குரோம் கிரில், அதன் உச்சியில் நட்சத்திரம், இரண்டு பக்கமும் வட்டமான ஹெட்லைட். கோட்டுப் போட்ட பெரிய மனிதர் மாதிரி. அடுத்த படம் பின்பக்கம். டிக்கியின் இரண்டு ஓரத்திலும் மீன் துடுப்பு போல ஒன்று எழும்பி நிற்கிறது. பிற்பாடு என்னோடு வண்டி பார்க்க வந்த மெக்கானிக் அண்ணன் இதை ஒரே வரியில் சொல்லி முடித்தார்: “முன்னால தாத்தா, பின்னால பேரன்.”

வண்டி 1963ஆம் வருடத்து மெர்சிடிஸ் பென்ஸ் 190டி. நான்கு கதவு, நான்கு சிலிண்டர் டீசல். கம்பெனிக்குள் இதன் பெயர் டபிள்யூ 110. ஜெர்மன்காரர்கள் செல்லமாக ஹெக்ஃப்ளோஸ்ஸ என்பார்கள், வால் துடுப்பு என்று அர்த்தம். படத்தில் கிரீம் நிறத்தில் பளபளவென்று இருந்தது. கேட்ட விலையை இங்கே அப்படியே எழுதிப் பயனில்லை, ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் அது மாறும். நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்தது எழுபது. இனி வரும் எல்லாக் கணக்கும் இந்த நூறை வைத்துத்தான்.

முதல் தடவை தனியாகப் போனேன். அதுதான் முதல் தப்பு. அரை மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன், கதவைத் திறந்து மூடினேன். அந்தக் கதவு மூடும் ஓசை இருக்கிறதே, கனமான பெட்டியை மெதுவாகச் சாத்தியது போல ஒரு ‘தொப்’. அந்த ஓசைக்கே பத்து கொடுக்கலாம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். வேகம் காட்டுவது வட்ட டயல் அல்ல, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி மாதிரி செங்குத்தாக ஏறும் ஒரு பட்டை, வேகம் கூடக் கூட நிறம் மாறும். வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியின் குறை என்று ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அப்படியென்றால் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அறுபது வயது வண்டியில் குறை இல்லாமல் இருக்காது.

அட்வான்ஸ் கொடுக்காமல் வந்ததுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம்.

அடுத்த இரண்டு வாரம் அந்தத் துடுப்பைப் பற்றியே படித்தேன். பழைய செடானில், அதாவது இது போன்ற நான்கு கதவு வண்டியில், வடிவம் ஒரு பக்கம், விலை ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. எந்தக் காலத்து ரசனை, அது எப்போது பழசானது, அதன் கூடப் பிறந்த வண்டிகள் எப்படி இருந்தன என்பதெல்லாம் சேர்ந்துதான் இன்றைய விலை.

காருக்குத் துடுப்பு வைக்கும் வழக்கம் 1948ஆம் வருடத்து கேடிலாக்கில் தொடங்கியது. இரட்டை வால் கொண்ட பி-38 போர் விமானத்தைப் பார்த்து வந்த யோசனை. அமெரிக்காவில் அது வருடா வருடம் வளர்ந்து, 1959 கேடிலாக்கில் உச்சம் தொட்டது. அதே 1959இல்தான் பென்ஸும் தன் டபிள்யூ 111 செடானைத் துடுப்போடு கொண்டுவந்தது, ஊரே கல்யாணச் சாப்பாடு முடித்துக் கை கழுவும் நேரத்தில் பந்தியில் உட்கார்ந்தது போல. பென்ஸுக்கே கொஞ்சம் கூச்சம் இருந்திருக்க வேண்டும். துடுப்பு என்று சொல்லாமல் ‘பைல்ஷ்டேக’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பின்னால் எடுக்கும்போது வண்டி எங்கே முடிகிறது என்று ஓட்டுநருக்குக் காட்டும் குறிக்கட்டை என்பது அவர்கள் சொன்ன காரணம். படித்தபோது இதை நல்ல சப்பைக்கட்டு என்று நினைத்தேன். இந்தச் சப்பைக்கட்டுதான் பின்னால் எனக்குப் பெரிய பணத்தைக் காப்பாற்றியது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

1961இல் வந்தது எங்கள் கதாநாயகன் டபிள்யூ 110. பெரிய அண்ணன் டபிள்யூ 111இல் ஆறு சிலிண்டர், நீண்ட மூக்கு. தம்பிக்கு நான்கு சிலிண்டர்தான், அதனால் மூக்கை ஏறக்குறைய பதினான்கரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டார்கள். உள்கூடும் பின்பக்கமும் அண்ணனுடையதே. விளைவு, நேர்ப் பக்கவாட்டில் பார்த்தால் வால் கனத்து, மூக்கு குறைந்து தெரியும். பின்பக்க மூலையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் மட்டும் அபாரமாக இருக்கும். விற்பவர்கள் ஏன் எல்லாப் படத்தையும் அந்தக் கோணத்தில் எடுக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அழகு மட்டும்தான் வேண்டும் என்றால் என் கண்ணுக்கு 1960இல் வந்த பெஷோ 404 இதைவிட ஒரு படி மேல். பினின்ஃபரீனா வரைந்தது. அதிலும் துடுப்பு உண்டு, ஆனால் பேசாமல் இருக்கும்.

1965இல் பால் பிராக் வரைந்த டபிள்யூ 108 துடுப்பே இல்லாமல் வந்தபோது, துடுப்பு வண்டிகள் கடையில் இருக்கும்போதே பழையதாகிவிட்டன. ஆனாலும் 1968 வரை செய்து விற்றார்கள். விலையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இதே குடும்பத்தில் 1961இல் வந்த இரண்டு கதவு கூபேயில் துடுப்பை ஏறக்குறைய இழைத்துத் தள்ளிவிட்டார்கள். இன்று அந்தக் கூபேயின் விலைக்கும் நான்கு கதவு செடானின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பொதுவாகவே பழைய வண்டிச் சந்தையில் கதவு கூடினால் விலை குறையும். கூரையை மடக்கக்கூடிய கன்வர்டிபிள் முதலில், அப்புறம் கூபே, கடைசியில்தான் செடான். குடும்பத்தோடு போக வசதியானது செடான்தான். ஆனால் பழைய வண்டி வாங்குகிறவர் குடும்பத்தை நினைத்து வாங்குவதில்லை.

எனக்கு விற்க வந்தவர் முதல் சந்திப்பிலேயே, “போன மாசம் ஒரு பென்ஸ் கூபே என்ன விலைக்குப் போச்சு தெரியுமா சார்?” என்று கேட்டிருந்தார். தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. பெயர் ஒன்று என்பதால் விலையும் ஒன்று என்று மனதார நம்பியவர். இப்படி நம்புகிறவரிடம் பேரம் பேசுவதுதான் கஷ்டம். தான் பொய் சொல்கிறோம் என்று தெரிந்தவர் ஒரு இடத்தில் இறங்கி வருவார், இவர் வர மாட்டார்.

இரண்டாம் தடவை அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வண்டிக்கு அருகிலேயே போகவில்லை. இருபதடி தள்ளி நின்றார். அப்புறம் ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டுக் கோட்டை முன்னாலிருந்து பின்னால் வரை பார்த்தார்.

“உருண்டையான வண்டின்னா பட்டி வச்சு ஏமாத்தலாம் தம்பி. இது ரூல் தடி வச்சுக் கோடு போட்ட மாதிரி வண்டி. ஹெட்லைட்டுல ஆரம்பிச்சு துடுப்பு நுனி வரைக்கும் ஒரே கோடு. எங்கயாவது அலை அடிச்சா அங்க யாரோ கை வச்சிருக்காங்க.”

பட்டி என்றால் நெளிந்த தகட்டை நிரப்பப் பூசும் பசை. பின் கதவைத் தாண்டியதும் இடது பக்கக் கோடு லேசாக அலை அடித்தது. வலப்பக்கம் இல்லை. நேர் வெயிலில் எனக்குத் தெரியவில்லை. சாயும் வெயிலில், கட்டடத்தின் விளிம்பு பெயின்ட்டில் பிரதிபலிக்கும்போதுதான் தெரிந்தது. பிரதிபலிப்பு நேராக ஓடிக்கொண்டே வந்து அந்த இடத்தில் தண்ணீரில் விழுந்தது போல நெளிந்தது. உச்சி வெயிலிலும் மழை ஈரத்திலும் பழைய வண்டி பார்க்கக் கூடாது என்று சும்மா சொல்லவில்லை.

அடுத்து முன்பக்கம். நான் படித்த படிப்பு இங்கே ஒரு இடத்தில் கை கொடுத்தது. 1965 வரை வந்த டபிள்யூ 110இல் முன் இண்டிகேட்டர் மட்கார்டின் மேல் முதுகில் சின்னதாக இருக்கும். 1965இல் மாடலைப் புதுப்பித்து 200, 200டி என்று பெயர் மாற்றியபோது அதை ஹெட்லைட்டுக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். எங்கள் 1963 வண்டியில் இண்டிகேட்டர் கீழே இருந்தது. ஆக, மட்கார்டு இரண்டும் பின்னாளைய வண்டியிலிருந்து வந்தவை. மோதலால் மாற்றினார்களா, துருவால் மாற்றினார்களா என்பது பார்த்ததும் தெரியாது. இந்த மாடலில் ஹெட்லைட்டைச் சுற்றித் துரு தின்பது வழக்கம் என்பதால் இரண்டாவதாகவும் இருக்கலாம். விற்பவரிடம் கேட்டேன். “அப்படியா சார்? எனக்கு வந்ததே இப்படித்தான்” என்றார். உண்மையாகத்தான் இருக்கும்.

பானெட்டைத் திறந்தோம். இங்கே பார்க்க வேண்டியது எஞ்சினை இல்லை, எண்களை. சேஸிஸ் எண் 110110 என்று தொடங்கியது, டீசல் டபிள்யூ 110க்கு அதுதான் சரி. எஞ்சின் எண் 621 என்று தொடங்கியது, அதுவும் சரி. பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் 121 என்று தொடங்கும். இது போன்ற வண்டிகளில் வேறு எஞ்சின் ஏற்றப்பட்டிருப்பது சாதாரணம் என்பதால் இந்த ஒரு நிமிட வேலையைத் தவறவிடக் கூடாது. பக்கத்திலேயே பெயின்ட் எண் பொறித்த தகடு. அதில் 190 என்று இருந்தது.

நான் அதை 190டி என்ற மாடல் பெயராக நினைத்துத் தாண்டிப் போயிருப்பேன். அது நிற எண். பென்ஸின் நிறப் பட்டியலில் 190 என்றால் கிராஃபைட் சாம்பல், பென்சில் கரியின் நிறம். என் முன்னால் நின்றதோ கிரீம் நிறம்.

நிறம் மாற்றிய வண்டி என்றால் விலை இறங்கும். அது மட்டுமல்ல, நிறம் மாற்றியது ஒரு நல்ல துப்பறியும் கருவியும்கூட. பழைய நிறம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்தால் வண்டியின் சரித்திரமே தெரிந்துவிடும். டிக்கி விரிப்பைத் தூக்கினோம். வலது மூலையில் சாம்பல் நிறம், அப்பழுக்கில்லாமல். இடது மூலையில் சாம்பலே இல்லை, வெல்டிங் தடத்தின் மேல் நேராகக் கிரீம். அந்தப் பகுதித் தகடே மாறியிருக்கிறது.

அண்ணன் பையிலிருந்து பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டரை எடுத்தார். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பொதுவாக நூறிலிருந்து நூற்றைம்பது மைக்ரான் காட்டும். மேலே இன்னொரு முறை அடித்திருந்தால் இருநூறு, முந்நூறு. கூரையில் இருநூற்றுச் சொச்சம், நிறம் மாற்றிய வண்டிக்கு அது நியாயம்தான். இடது பின்பக்கத்தில் ஆயிரத்து நூறு. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பட்டி. மீட்டர் இல்லாதவர்கள் மெல்லிய துணியில் சுற்றிய சின்ன காந்தத்தை வைத்துப் பார்க்கலாம், பட்டி தடித்த இடத்தில் பிடிக்காது. விற்பவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கோடு விழுந்தால் சண்டை வரும்.

கீழே குனிந்து பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி மாட்டும் இடங்கள், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் கூடு, கால் வைக்கும் தரை, ஸ்டெப்னி கிடக்கும் குழி. இந்த மாடலில் துரு உட்காரும் இடங்கள் இவை. ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு ‘டிங்’ என்னும், அழுகியது ‘டொக்’ என்னும். இடது கூடு ‘டொக்’. தரை பரவாயில்லை. டாக்ஸியாக ஓடியதா என்றும் தேடினோம், ஏனென்றால் இந்த டீசல் மாடலில் ஏராளமானவை டாக்ஸியாகவே வாழ்ந்து முடிந்தவை. கூரையில் பலகை மாட்டிய துளையை அடைத்த தடம், டேஷ்போர்டில் மீட்டர் மாட்டிய துளை எதுவும் இல்லை.

இப்போது அந்தச் சப்பைக்கட்டுக்கு வருகிறேன். அண்ணன் வண்டிக்கு அடியில் இருந்தபோது நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். துடுப்பு நுனி உண்மையிலேயே தெரிகிறதா பார்ப்போம் என்று திரும்பினேன். தெரிந்தது. பின் கண்ணாடியின் இரண்டு மூலையிலும், டிக்கியின் மேல்கோட்டுக்கு மேலே, இரண்டு நுனிகள். வலது நுனி கொஞ்சம் மேலே. இடது நுனி ஒரு விரற்கடை கீழே.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். வண்டி சாய்வாக நிற்கிறதோ என்று இறங்கித் தரையைப் பார்த்தேன். அண்ணன் டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து, “ஆமா தம்பி” என்றார்.

எப்போதோ இடது பின்மூலையில் பலமாக வாங்கியிருக்கிறது. இந்த வண்டியில் அது சாதாரண விஷயம் இல்லை. பேலா பாரெனி என்ற பொறியாளர் 1951இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை ஒன்று இருக்கிறது. நடுவில் மனிதர்கள் இருக்கும் கூடு உறுதியாக இருக்க வேண்டும், முன்னும் பின்னும் நசுங்கி மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது. அந்த யோசனையை முழுமையாகக் கொண்டு விற்பனைக்கு வந்த முதல் வண்டிக் குடும்பமே இந்தத் துடுப்புக் குடும்பம்தான். நசுங்குவதற்கென்றே கட்டிய பின்பக்கம் ஒருமுறை நசுங்கி, அதை இழுத்து நிமிர்த்திப் பட்டியால் மூடியிருக்கிறார்கள் என்றால், மறுமுறை அது எப்படி நசுங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

விற்பவர் நிழலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். “சார், ஒரு நிமிஷம் இங்க உக்காந்து பின்னாடி பாருங்க” என்றேன். உட்கார்ந்தார். திரும்பினார். பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “நாலு வருஷமா ஓட்டுறேன் சார். கண்ணுல பட்டதே இல்ல” என்றார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கே சங்கடமாக இருந்தது. அவரும் என்னைப் போலத்தான் ஒரு நாள் கதவு ஓசையைக் கேட்டு மயங்கி வாங்கியிருக்கிறார்.

மூன்றாம் தடவை விடிகாலையில் போனேன். காரணம் எஞ்சின். முதல் இரண்டு தடவையும் நான் போனபோது பானெட் வெதுவெதுப்பாக இருந்தது, முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். சூடான டீசல் எஞ்சின் எல்லாமே நல்ல எஞ்சின்தான். குளிர்ந்த நிலையில் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் சோதனை. இந்த 190டியில் சாவி திருப்பியதும் ஸ்டார்ட் ஆகாது. ஒரு குமிழை இழுத்துப் பிடிக்க வேண்டும், டேஷ்போர்டில் சின்னச் சுருள் கம்பி ஒன்று அடுப்புக் கங்கு போலச் சிவக்கும், அப்புறம்தான் ஸ்டார்ட். ஸ்டார்ட் ஆவதற்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நான்கும் ஒரே தொடரில் மாட்டியிருப்பதால் ஒன்று போனால் நான்கும் போனது போல. கம்பி சிவக்கவே இல்லை என்றால் அதுதான் காரணமாக இருக்கும். சின்ன வேலைதான். ஆனால் அதைச் சொல்லாமல் சூடாக்கி மட்டும் காட்டுகிறார்கள் என்றால் வேறு எதையெல்லாம் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். எங்கள் கம்பி சிவந்தது. நான்கைந்து சுற்றில் கிளம்பியது. கொஞ்சம் வெண்புகை, ஒரு நிமிடத்தில் தெளிந்தது. ஐம்பத்தைந்து குதிரைத்திறன். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். அவசரக்காரர்களுக்கான வண்டி இல்லை.

டயரின் பள்ளங்கள் தேயாமல் ஆழமாக இருந்தன. ஆனால் பக்கச் சுவரில் இருக்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படித்தால், முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். பன்னிரண்டு வருடப் பழசு. ஓடாமலே கெட்டுப்போன டயர்.

சரி, விலை. இதில் பெரும்பாலோர் செய்யும் தப்பு, விற்பவர் சொன்ன எண்ணிலிருந்து கீழே இறங்கத் தொடங்குவது. நூறு என்கிறார், தொண்ணூறு கேட்போம் என்று. நான் அவருடைய நூறை ஓரமாக வைத்துவிட்டேன். இதே மாடல், இதே காலத்து வண்டி, நல்ல நிலையில் உண்மையிலேயே கை மாறிய விலை என்ன என்று தேடினேன். கேட்கும் விலை இல்லை, கொடுத்த விலை. கேட்கும் விலையைக் காகிதத்தில் யாரும் எழுதலாம். ஏலத்தில் போன விலைகள், இந்த வண்டி வைத்திருப்பவர்களிடம் வாய்மொழியாகக் கேட்டது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நூற்றுப்பத்து வந்தது. ஆக அவர் கேட்டதொன்றும் அநியாயம் இல்லை, வண்டி நேராக இருந்திருந்தால்.

நூற்றுப்பத்திலிருந்து கழித்தேன். இடது பின்பக்கத்தைப் பிரித்து ஒழுங்காகச் செய்ய இருபது. கதவுக் கீழ்க்கூடு வெல்டிங்குக்குப் பத்து. குரோமுக்கும் சில்லறைச் சாமான்களுக்கும் பத்து. சீட்டுக்கு ஐந்து. டயருக்கும் பிரேக் ரப்பர்களுக்கும் ஐந்து. மிச்சம் அறுபது.

“பெயின்ட்டுக்கு மட்டுமே முப்பது செலவு பண்ணேன் சார்” என்றார். பண்ணியிருப்பார். ஆனால் பழைய வண்டியில் செலவு செய்த பணம் வேறு, அதன் மதிப்பு வேறு. பட்டியின் மேல் அடித்த பெயின்ட்டுக்கு நான் பணம் கொடுத்தால், அதை உரிக்கவும் நான்தான் பணம் கொடுக்க வேண்டும். இதை அவரிடம் இப்படிச் சொல்லவில்லை. கணக்கெழுதிய காகிதத்தை மட்டும் கொடுத்துவிட்டு, ஐம்பத்திரண்டு என்று சொல்லி எழுந்தேன். பத்து நாள் போன் வரவில்லை. வந்தபோது அறுபத்தைந்து என்றார். அறுபத்தொன்றில் முடிந்தது.

என் கணக்கு எங்கெங்கே பிசகியது என்றும் சொல்லிவிட வேண்டும். எஞ்சினைப் பற்றித்தான் ராத்திரியெல்லாம் பயந்தேன். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, வால்வு இடைவெளி சரி பார்த்ததோடு அது முடிந்துவிட்டது. ஆனால் குரோமுக்குப் பத்து என்று போட்டது பச்சைக் குழந்தைத்தனம். இருபத்திரண்டு ஆனது. பம்பர் ஒரே துண்டாக இல்லை, பல துண்டு. ஒவ்வொன்றையும் கழற்றி, நெளிவு எடுத்து, பழைய பூச்சை உரித்துப் புதிதாக ஏற்ற வேண்டும். ஸ்டீயரிங்கில் இருக்கும் ஹாரன் வளையம் உடைந்திருந்தது, அதற்கு மட்டும் ஏழு மாதம் அலைந்தேன். பிஸ்டன் தேடினால் கிடைக்கிறது, ஒரு விளக்கின் சிவப்புக் கண்ணாடி கிடைப்பதில்லை. இப்போது யாராவது என்னை வண்டி பார்க்கக் கூப்பிட்டால், பானெட்டைத் திறப்பதற்கு முன் வெளியே இருக்கும் அலங்காரச் சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணிக் குறிக்கிறேன். எது இல்லை, எது வேறு வருடத்து மாடலில் இருந்து வந்தது என்று.

சீட்டும் ஏமாற்றியது. மேல்துணி புதிது, நன்றாகத் தைத்திருந்தார்கள். உள்ளே ரப்பர் கலந்த குதிரைமுடி மெத்தை பொடிப்பொடியாகிக் கொட்டிக்கொண்டிருந்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியிருந்தால் பழுப்புத் தூள் ஒட்டியிருக்கும். துழாவவில்லை. ஐந்துக்குப் பதில் ஒன்பது.

கீழ்க்கூட்டு வெல்டிங் கணக்குக்குள் முடிந்தது. நிறத்தைப் பழைய சாம்பலுக்கே மாற்றலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். அடர்ந்த நிறத்தில் அந்தத் துடுப்பு கொஞ்சம் அடங்கி, முன்னால் இருக்கும் தாத்தாவோடு ஒத்துப்போகும் என்று தோன்றுகிறது. அதற்கு முன் இடது பின்பக்கத்தைப் பிரிக்க வேண்டும். அந்த இருபதை இன்னும் சேர்க்கவில்லை. வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். வேகமாக ஓட்டவும் அது விடாது.

பின்னால் எடுக்கும்போது வலது துடுப்பை மட்டும் பார்த்து எடுக்கிறேன்.